காலிப் பெட்டியை டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் எழுதும் நிரல்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவன் நான். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில்தான் இவர்களும் விழுகிறார்கள்: ஃபாரத்தில் ஒருவர் எதுவும் எழுதாமல் விட்ட பெட்டி. மேற்கோள்குறி விட்டுப்போனது போன்றவற்றை டேட்டாபேஸே கத்திச் சொல்லிவிடும், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

காலித் தேதியை அப்படியே அனுப்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எழுதாமல் விட்ட பெட்டியிலிருந்து பிரௌசர் அனுப்புவது 'நல்' (NULL, அதாவது 'மதிப்பு எதுவும் இல்லை' என்று டேட்டாபேஸில் வைக்கும் குறி) அல்ல, ஓர் எழுத்துகூட இல்லாத வெற்றுச் சரம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் அதைத் தேதிக்கான இடத்தில் போட்டால் முணுமுணுக்காமல் 1900 ஜனவரி 1 என்று எழுதிக்கொள்ளும், முழு எண்ணுக்கான இடத்தில் 0.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் வகுப்பு நடத்தும் ஓர் இடத்தில் இதுதான் நடந்தது. பிறந்த தேதி கட்டாயமில்லை, 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை. தேதியை விட்டவர்கள் எல்லாரும் நூறு தாண்டிய தாத்தா பாட்டி ஆகிவிட, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் முதியோர் சலுகை போய்க்கொண்டே இருந்தது, காசு குறைவாகக் கேட்டால் யார் வந்து புகார் சொல்வார்கள்? கணக்குப் பார்க்கும் அக்கா வரவு இடிக்கிறதே என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

தேதியையாவது 1900 என்று தேடிப் பிடித்துவிடலாம். மதிப்பெண் பெட்டியில் விழுந்த 0-களில் எது உண்மையான 0, எது காலி? இனி யாராலும் பிரிக்க முடியாது. சராசரி எடுத்தால் 'நல்' கணக்கில் சேராது, 0 சேர்ந்து இழுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொன்றும் 5.7 பதிப்பு முதல் இப்படிப் பிழை காட்டும் கண்டிப்பான முறையில்தான் வருகிறது, ஆனால் பழைய நிரல் ஓடவேண்டும் என்று அதை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்களே!

செய்ய வேண்டியது சின்ன வேலை. சர்வர் பக்கத்தில் முன்பின் இடைவெளியை வெட்டுங்கள், மிச்சம் ஒன்றுமில்லை என்றால் உண்மையான 'நல்'லைப் பாராமீட்டர் வழியாக (கட்டளைக்குள் ஒட்டாமல் மதிப்பைத் தனியாக) அனுப்புங்கள். மேற்கோளுக்குள் NULL என்று நான்கு எழுத்தாக அல்ல, அப்புறம் அதுவே ஒருவருடைய பெயராகப் பதிவாகிவிடும்.

எல்லாக் காலியும் ஒன்று என்று நினைப்பது

தரைவீட்டுக்காரருக்கு மாடி எண்ணும் அந்த மாடியில் எத்தனையாவது வீடு என்ற எண்ணும் கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் எழுத மறந்திருக்கிறார். இரண்டையும் 'நல்' என்றே வைத்தால் எந்தக் கடிதம் திரும்பி வரும் என்று முன்கூட்டித் தெரியாது, வீட்டு வகையைத் தனியாகக் கேளுங்கள்.

குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கவும் வேண்டாம். நம்மில் பலருக்கு அது இல்லை, புள்ளியும் கோடும்தான் வந்து குவியும்.

சமக்குறி போட்டு 'நல்'லைத் தேடுவது

கிடைக்காது. 'இஸ் நல்' (IS NULL) போடுங்கள்.

டீஃபால்ட் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

டீஃபால்ட் என்பது மதிப்பு வராதபோது டேட்டாபேஸ் தானே போடும் மதிப்பு. நீங்களே 'நல்' அனுப்பினால் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளாது. அந்த நெடுவரிசையை (column) இன்சர்ட் கட்டளையில் சேர்க்காமல் விட்டால்தான் டீஃபால்ட் வரும்.

பிஎச்பியின் 'எம்ப்டி'

பிஎச்பி நிரல்மொழியில் பெட்டி காலியா என்று பார்க்கும் இது, 0 என்று எழுதினாலும் காலி என்று சொல்லும். பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 0 போட்டவரை, பெட்டியை நிரப்புங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.