மீட்டெடுத்து வளர்க்கும் நாயின் பற்களைப் பராமரிக்கும் முறை

பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்த நாயின் வாயைப் பற்றி வளர்த்தவருக்கு ஓரளவு எல்லாம் தெரிந்திருக்கும். தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாய் எதைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது, யாருடைய கை அதன் முகவாயை முரட்டுத்தனமாகப் பிடித்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆகவே இத்தகைய நாய்க்குப் பிரஷ் வாங்குவது முதல் வேலை அன்று. வலி இருக்கிறதா என்று கண்டறிந்து அதைத் தீர்ப்பது முதலில். தொடுவதற்குப் பழக்குவது அடுத்து. துலக்குவது அதற்கும் பிறகுதான். புண்ணான ஈறுகளின் மேல் பிரஷ் பட்டால், முகத்தருகே கை வந்தாலே வலிக்கும் என்று நாய் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடும்; அந்தப் பாடத்தை மறக்கச் செய்ய மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

வந்த புதிதில் வாயைத் திறந்து பார்க்க முயலாமல், சற்றுத் தள்ளியிருந்து கவனித்தாலே பலவற்றை அறியலாம். ஒரே பக்கமாக மெல்லுதல், எடுத்த உணவை நழுவவிடுதல், எச்சில் வடிதல், முகத்தை முன்காலால் தேய்த்தல், கடித்த பொம்மையில் இரத்தக்கறை, வாயில் கடும் துர்நாற்றம் ஆகியவை வலியையோ ஈறு நோயையோ காட்டுபவை. “நன்றாகச் சாப்பிடுகிறதே, பிறகென்ன?” என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பல் உடைந்து நரம்பு வெளியே தெரியும் நிலையிலும் நாய் தன் தட்டைக் காலி செய்துவிடும் என்பதால், பசியை வைத்து வலியை அளக்க முடியாது. கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அதைக் கண் நோய் என்றோ பூச்சிக்கடி என்றோ எண்ணிவிடுவது வழக்கம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் உடைந்து அதன் வேரில் சீழ் கட்டினாலும் வீக்கம் அந்த இடத்தில்தான் வரும். ஈறு கறுப்பாக இருப்பது மட்டும் நோய் ஆகாது. பல நாய்களுக்கு அது இயற்கை நிறம்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மருத்துவர் அவற்றை எண்ணிப் பார்ப்பதோடு, கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கிறதா, குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் தாக்கியதால் பல்லின் மேற்பூச்சான எனாமல் குழிகுழியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். தெருவில் வாழ்ந்த நாயின் வாயிலோ மூக்கிலோ, நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைக் கட்டியும் சில சமயம் காணப்படும். வின்கிரிஸ்டின் என்னும் மருந்துக்கு அது பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும். பல்லின் மேல் இறுகிப் படியும் காரை தடித்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். மயக்கமின்றிச் சுரண்டி எடுக்கும் முறையில் வெளியே தெரியும் பகுதி மட்டுமே வெளுக்கும். நோய் இருப்பதோ ஈறுக்கு அடியில். அப்படிச் சுரண்டுவதற்குச் செலவழிப்பதில் பயனில்லை என்பதே என் கருத்து.

சிகிச்சை முடிந்து ஈறு ஆறிய பின் பழக்கத் தொடங்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாயாக இருப்பது அவசியம். அப்படியிருந்தும் அதன் பல் உங்கள் கையைக் கீறிவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாய்க்கு எதிரே நின்று குனியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தை ஒரு நொடி தொட்டு, உடனே தின்பண்டம் கொடுங்கள். அதைத் தலையைத் திருப்பாமல் ஏற்றுக்கொண்ட பிறகு உதட்டைச் சற்றே தூக்குதல், விரலால் கோரைப்பல்லைத் தொடுதல், விரலில் சுற்றிய ஈரத் துணியால் தேய்த்தல் என்று முன்னேறலாம். உதட்டை நக்குதல், வெள்ளை விழி தெரியப் பார்த்தல், உடல் விறைத்தல், உறுமல் ஆகியவை தென்பட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும். உறுமியதற்காகத் திட்டினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். வாயை இறுகப் பிடித்துக்கொண்டு துலக்குவதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள்.

துலக்கும்போது மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, பற்களின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். காரை மிகுதியாகச் சேரும் மேல் கடைவாய்ப்பற்களை விட்டுவிடக் கூடாது. பல்லின் மேல் படியும் மெல்லிய படலம் சில நாள்களிலேயே இறுகிக் காரையாகிவிடும், பிறகு பிரஷுக்கு அசையாது. தினமும் துலக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மனிதர்களுக்கான பற்பசையைப் பயன்படுத்தவே கூடாது. நாய் அதைத் துப்பாமல் விழுங்கிவிடும். சில பசைகளில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும்.

கடித்து மெல்லுவதற்குக் கொடுக்கும் பொருளை வாங்குமுன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றும் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினமானது. எலும்பு, மான்கொம்பு, குளம்பு எல்லாம் அந்த வகையே. சமைத்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலையும் குத்தும்.

பல் பிடுங்கிய நாய்க்குப் புண் ஆறும்வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், மென்மையான உணவு மட்டுமே கொடுத்து, கடிக்கும் பொம்மைகளை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பின் பழக்கும் வேலையைக் கன்னம் தொடும் முதல் படியிலிருந்தே மீண்டும் தொடங்குவது நல்லது. வாய்ப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை. சிறிய இன நாய்க்கும், ஏற்கெனவே ஈறு நோய் முற்றியிருந்த நாய்க்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.