குலாப்பாக் விலையும் நாமக்கல் விலையும்: மக்காச்சோள முன்பேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆவணியில் தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் எங்கள் மண்டிக்கு வந்தார். தகப்பனாரின் தானிய வியாபாரத்தை அவர் கையில் எடுத்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. கைப்பேசியில் விலைத் திரையைக் காட்டி, "அண்ணா, 300 டன் மக்காச்சோளம் வாங்கிப் போட்டிருக்கேன், அதே அளவுக்கு பியூச்சர்ல வித்தும் விட்டேன். இனி விலை எங்க போனாலும் நமக்குக் கவலை இல்லைங்க" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தரகரிடம் ஏறக்குறைய இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன் என்பதால் அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். கடன் வாங்கி வணிகம் செய்யாதீர்கள், வதந்தியை நம்பாதீர்கள் என்பவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை.

முன்பேர விலையை நம் ஊர் விலை என்று நினைப்பது

முன்பேர ஒப்பந்தத்தின் விலை, அதாவது அந்த இளைஞர் சொன்ன பியூச்சர் விலை, பொதுவான மக்காச்சோளத்தின் விலை அன்று. குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட ஓர் ஊரில் ஒப்படைக்கப்படும் சரக்கின் விலையே அது. விளைபொருள் முன்பேரச் சந்தையான என்சிடெக்ஸின் மக்காச்சோள ஒப்பந்தத்தில் நான் விற்றபோது அந்த ஊர் பீகார் மாநிலத்தின் பூர்ணியாவை ஒட்டிய குலாப்பாக். என் சரக்கோ உடுமலைப்பேட்டையில் ஒரு குடோனில் இருந்தது. அதை வாங்கப் போகிறவர்கள் நாமக்கல், பல்லடம் பகுதிகளின் தீவன ஆலைக்காரர்கள். குலாப்பாக் விலைக்கும் நம் பகுதி விலைக்கும் இடையே நிற்கும் வித்தியாசத்தைத் தரகர்கள் பேசிஸ் என்பார்கள். முன்பேரத்தில் விற்றுவைப்பவர் குலாப்பாக் விலையின் ஏற்ற இறக்கத்திலிருந்துதான் தப்புகிறார். இந்த வித்தியாசத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் அவர் தலையிலேயே இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றுகூட, ஹெட்ஜிங், அதாவது கையிலுள்ள சரக்குக்கு ஈடாக முன்பேரத்தில் விற்றுவைப்பது, செய்துவிட்டால் விலை உறுதியாகிவிடும் என்று பயிற்சி வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்கும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது.

நான் இழந்த விதத்தை எண்களோடு சொல்கிறேன். ஆவணிக் கடைசியில் பக்கத்து வியாபாரிகளிடமிருந்த பழைய இருப்பில் 200 டன்னை, அதாவது 2,000 குவிண்டாலை, குவிண்டால் 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். அன்று முன்பேர விலை 1,900 ரூபாய். வித்தியாசம் 250 ரூபாய். அதே அளவுக்கு முன்பேரத்தில் விற்றுவிட்டு, தீவன ஆலைகளின் தேவை ஏறட்டும் என்று காத்திருந்தேன். கார்த்திகையில் முன்பேர விலை 30 ரூபாய் மட்டும் இறங்கி 1,870-இல் நின்றது. நம் பகுதி விலையோ 190 ரூபாய் இறங்கி 1,960-க்கு வந்துவிட்டது. குடோன் சரக்கில் 3,80,000 ரூபாய் போனது, முன்பேரத்தில் 60,000 ரூபாய் வந்தது. ஆக, விலை உறுதியாகிவிட்டது என்று நம்பிய சரக்கில் 3,20,000 ரூபாய் நட்டம். குடோன் வாடகை, வங்கி வட்டி, சரக்கு காய்ந்ததில் குறைந்த எடை ஆகியவை தனி.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. பீகாரில் மக்காச்சோளம் ரபி எனப்படும் குளிர்காலப் பருவப் பயிர். சித்திரை, வைகாசியில் அறுவடையாகி, சரக்கு ரயில்களில் தெற்கே வருகிறது. அந்தச் சரக்கை நம்பித் தீவன ஆலைகள் ஓடும் மாதங்களில் நம் பகுதி விலை குலாப்பாக் விலையோடு ரயில் கட்டணத்தைக் கூட்டியதற்குப் பக்கத்தில் நிற்கும். ஐப்பசி பிறந்ததும் கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரி பகுதிகளில் காரிஃப் எனப்படும் மழைக்காலப் பயிரின் அறுவடை சூடுபிடிக்கிறது. அங்கிருந்து நாமக்கல்லுக்கு லாரி ஓரிரு நாட்களில் வந்துவிடும். அதன்பின் நம் பகுதி விலையைத் தீர்மானிப்பது தாவணகெரே விலையும் லாரி வாடகையும்தான். குலாப்பாக்கில் என்ன நடக்கிறது என்பது சில மாதங்களுக்கு நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. தை, மாசியில் பெரம்பலூர், அரியலூர் மானாவாரி அறுவடையும் சேர்ந்துகொள்ளும். அந்த 250 ரூபாய் வித்தியாசம் ஆவணிக்கு உரியது. அது கார்த்திகையிலும் அப்படியே இருக்கும் என்று நான் நினைத்ததற்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இத்தனைக்கும் ஆண்டுதோறும் கர்நாடக லாரிகள் எங்கள் மண்டி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

அதனால் புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒரு நோட்டுப் புத்தகத்தை. வாரம் ஒருமுறை, தீவன ஆலை வாசலில் இறக்கிக் கொடுக்கும் விலை, அன்றைய முன்பேர விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், லாரி வாடகை, ஆலை ஏற்கும் ஈரப்பத அளவு, ஈரத்துக்காக அது பிடித்தம் செய்யும் தொகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுகள் எழுதினால், எந்த மாதத்தில் வித்தியாசம் எந்த எல்லைக்குள் நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த மாதத்துக்கு வழக்கமானதைவிட வித்தியாசம் கூடியிருந்தால், ஆலைக்காரர் உங்கள் சரக்குக்கு இப்போதே நல்ல விலை தருகிறார் என்று பொருள். சரக்கைத் தள்ளிவிடுவதே முறை. வித்தியாசம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் மட்டுமே, முன்பேரத்தில் விற்றுவிட்டுச் சரக்கைக் குடோனில் வைத்திருப்பதற்குக் கூலி கிடைக்கும். நான் செய்தது இதற்கு நேர்மாறானது.

மார்ஜினை முன்பணம் என்று எண்ணுவது

நிலத்துக்கு முன்பணம் கொடுத்தால் பத்திரப் பதிவு வரை வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. முன்பேரத்தில் இறங்கத் தரகரிடம் கட்டும் பிணைத்தொகையான மார்ஜின் அப்படிப்பட்டதன்று. அன்றன்றைய விலைக்கு அன்றன்றே கணக்குத் தீர்க்கப்படுகிறது. 200 டன் விற்றுவைத்திருப்பவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் விலை ஏறினால், 2 லட்ச ரூபாயை உடனே கட்டியாக வேண்டும். அதே நேரத்தில் குடோனில் உள்ள சரக்கின் மதிப்பு கூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் மதிப்பு, சரக்கை ஆலையில் இறக்கி, ஆலைக்காரர் முப்பது நாள் கழித்துப் பணம் அனுப்பும்போதுதான் கைக்கு வரும். கணக்குப்படி சரியான நிலையில் இருந்தும் பணம் கட்ட முடியாமல் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிகாகோவைப் பார்த்து நாமக்கல்லுக்கு விலை சொல்வது

1848-இல் தொடங்கிய சிகாகோ சந்தையின் மக்காச்சோள விலை உலகத்துக்கே அளவுகோல் என்பது உண்மைதான். அங்கே ஓர் ஒப்பந்தம் 5,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை), அதாவது ஏறத்தாழ 127 டன். விலை புஷலுக்கு இத்தனை சென்ட் என்று சொல்லப்படும். 450 சென்ட் என்றால் டன்னுக்குச் சுமார் 177 டாலர். இந்தக் கணக்கைப் போட்டு, நம் விலை இறங்கியே தீரும் என்று வாதிடுபவர்கள், இடையில் நிற்கும் சுவரைப் பார்ப்பதில்லை. அமெரிக்க மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. அதை இறக்குமதி செய்ய இந்தியா அனுமதித்ததில்லை. சலுகை வரி ஒதுக்கீட்டுக்கு வெளியே வரும் சரக்குக்கு நீண்ட காலமாக 50 சதவீத வரி இருந்து வந்திருக்கிறது. நம் விலையை ஏற்றியவை வேறு காரணங்கள். 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, பின் தமிழ்நாட்டு வயல்களையும் தாக்கிய படைப்புழு ஒன்று. அண்மை ஆண்டுகளில் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கியது மற்றொன்று. சிகாகோவைப் படியுங்கள், அதை வைத்து உடுமலையில் சரக்கு வாங்காதீர்கள்.

ஆளில்லாத மாதத்தில் ஒப்பந்தம் போடுவது

வாங்குவோரும் விற்போரும் அதிகம் இல்லாத மாதத்து ஒப்பந்தத்தில் நுழைய ஒருவர் கிடைப்பார். வெளியேற யாரும் கிடைக்கமாட்டார்.

தடை வராது என்று நம்புவது

2007-இல் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றின் முன்பேரம் நிறுத்தப்பட்டது. 2021 டிசம்பரில் பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடுகு, சோயாபீன், கச்சா பாமாயில் ஆகிய ஏழின் முன்பேர வணிகத்தை, இந்தச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஓராண்டுக்கு நிறுத்தியது. அந்தத் தடை பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் அதை முடித்துக்கொள்ள மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். மக்காச்சோளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் முன்பேரம் இல்லாமல் விற்கத் தெரியாத அளவுக்குச் சரக்கைச் சேர்த்து வைக்காதீர்கள்.

சரக்கை விற்றபின் முன்பேரத்தை முடிக்காமல் வைப்பது

குடோன் காலியான அன்றே, விற்றுவைத்த ஒப்பந்தத்தையும் திரும்ப வாங்கி முடித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று வைத்திருந்தால் அது சூதாட்டம்.

தாராபுரத்து இளைஞரோடு உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டினேன். அன்றைய வித்தியாசம், ஆவணியில் நான் எழுதி வைத்திருந்த ஆண்டுகள் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது. கர்நாடக லாரிகள் வருவதற்குள் 300 டன்னையும் ஆலைக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறை லாரி ஏற்றும்போதும் அதே அளவு முன்பேரத்தைத் திரும்ப வாங்கச் சொன்னேன். புரட்டாசி முடிவதற்குள் 220 டன் போய்விட்டது. மீதி 80 டன்னில் ஈரப்பதம் கூடியிருப்பதாக ஆலைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதை அந்த இளைஞர் களத்தில் காயப்போட்டிருக்கிறார்.