சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு வால்வு அளவும் ஹெட் வேலையும்

சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்டப்போகும் காரின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) மதுரையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர், பெரும்பாலும் காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வைப் பெரிதாக்கித் தருமாறுதான் கேட்கிறார். சாதாரண எஞ்சினுக்கு அது நியாயமான கோரிக்கை. காற்றை உள்ளே தள்ள அங்கே வளிமண்டல அழுத்தத்தை விட்டால் வேறு துணை கிடையாது. சூப்பர்சார்ஜர் வந்த பிறகு அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. கூடுதலாக எரிந்த புகை வெளியேறும் வழிதான் நெருக்கடியாகிறது. ஆகவே பணத்தை முதலில் புகை போகும் எக்ஸாஸ்ட் பக்கம் செலவிடுவதே முறை.

சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள ஹெட்டில் இன்லெட் 38 மி.மீ., எக்ஸாஸ்ட் 31 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் விட்டம் இன்லெட்டில் ஏறத்தாழ 82 விழுக்காடு. இன்லெட்டைத் தொடாமல் எக்ஸாஸ்ட்டை மட்டும் 33 மி.மீ. ஆக்கினால் அதன் பரப்பு 13 விழுக்காடு கூடுகிறது, விட்ட விகிதமும் 87 விழுக்காட்டை எட்டுகிறது. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) உள்ள எஞ்சினுக்கு அது போதுமானது. வால்வு தன் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு உயரும்போது, சுற்றியுள்ள திறப்பின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும் என்பதால், 33 மி.மீ. வால்வுக்கு 8.25 மி.மீ. லிஃப்ட் (உயர்வு) கிடைக்கிறதா என்று, வால்வைத் திறக்கும் கேமையும் பார்க்க வேண்டும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமுள்ள கேம் இங்கே உதவாது. தள்ளிய காற்று எரியாமலே சைலன்ஸர் வழியாகப் போய்விடும்.

வால்வு பெரிதானால் அதன் நடுப்பகுதியிலிருந்து சீட்டுக்கு (வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் வளையம்) வெப்பம் கடக்கும் தூரமும் கூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட் வழியாகவும், மீதியில் பெரும்பங்கை, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு வழியாகவும் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. ஆகவே இன்லெட் சீட் 1 முதல் 1.5 மி.மீ. அகலம் இருந்தால் போதும் என்றாலும், எக்ஸாஸ்ட் சீட்டை 1.5 முதல் 2 மி.மீ. வரை விட வேண்டும். சீட்டை 45 பாகையில் வெட்டி, மேலே 30, கீழே 60 பாகையில் சரிவு கொடுப்பது வழக்கம். வால்வின் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால் அதுவே சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும்; அப்படிப்பட்ட வால்வைத் தேய்த்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே நல்லது. தண்டுக்குள் சோடியம் நிரப்பிய வால்வை எக்காரணம் கொண்டும் வெட்டவோ துளைக்கவோ கூடாது. சோடியம் ஈரத்தில் பட்டால் தீப்பிடிக்கும். பெரிய சீட் போடுவதற்கு முன், இரு சீட்டுகளுக்கு நடுவே எஞ்சும் உலோகம் மிக மெல்லியதாகிவிடுமா என்று அளக்க வேண்டும். ஹெட் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மதுரைச் சித்திரை வெயிலில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 40 பாகை வெப்பமுள்ள காற்றை, 60 விழுக்காடு திறனுள்ள ரூட்ஸ் வகை (இரு சுழலிகளால் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர் 0.5 பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி) பூஸ்ட்டுக்கு அழுத்தினால், அது 100 பாகையைத் தாண்டித்தான் வெளியே வரும். அந்தச் சூட்டில் 91 ஆக்டேன் பெட்ரோல் எளிதில் நாக்கிங் செய்யும் (கலவை தானே வெடித்து எரியும்) என்பதால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் 95க்குக் குறையாத பெட்ரோலும் தேவைப்படும். நாக்கிங்கைக் குறைக்கக் கம்ப்ரஷன் விகிதத்தை 8.5 அல்லது 9க்கு இறக்குவதற்காக, ஹெட்டுக்கு அடியில் தடிமனான கேஸ்கட் போடுவது மலிவான வழியாகத் தோன்றினாலும், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கலவையைக் கலக்கும் குறுகிய இடைவெளியை அது கெடுத்துவிடும். குழிவான பிஸ்டன் போடுவதே சரி. எரியறையில் உள்ள கூர்மையான முனைகளை எல்லாம் மழுக்கிவிட வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 38 மி.மீ. இன்லெட் வால்வின் பின்புறத்தில் 0.5 பார் பூஸ்ட் ஏறத்தாழ 5.5 கிலோ விசையுடன் அழுத்தி, மூடியிருக்கும் வால்வைத் திறக்கப் பார்க்கும். அந்த அளவுக்காவது ஸ்பிரிங்கின் சீட் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டின் வேலையில் இன்லெட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவது வீண் உழைப்பு. எக்ஸாஸ்ட் பக்கம் கைடைச் சுற்றியுள்ள மேட்டையும், வளைவின் உட்புறத்தையும் சீராக்கினால் போதும்.

இவ்வளவும் பந்தயத் தட வண்டிக்கானவை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் நமக்கு அதிகத் தொலைவில்லை.

ஹெட்டைப் பூட்டுமுன் வால்வுகளை மாட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் விட்டால் கசியும் சீட் தெரிந்துவிடும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் எஞ்சினைச் சுற்றி, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 2.5 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு டாப்பெட் கேப்பை (வால்வுத் தண்டின் முனையில் விடும் சிறு இடைவெளி) அடிக்கடி அளந்து குறித்துவர வேண்டும். எக்ஸாஸ்ட் கேப் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், பெரும்பாலும் சீட் உள்ளே இறங்குகிறது என்று கொண்டு, வால்வு எரிவதற்கு முன்பே ஹெட்டைக் கழற்றிவிட வேண்டும்.