எருது விடும் விழாவையும் கோழிப்பண்ணையையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

தை பிறந்ததும் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டத்துக் கிராமங்களில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். கூடவே பழைய வாதமும் தொடங்கிவிடும். வாயில்லா ஜீவனை இப்படி விரட்டலாமா என்று ஒருவர் கேட்பார். நேற்று நீங்கள் தின்ற ஆம்பூர் பிரியாணியில் கிடந்த கோழி மட்டும் சுகமாக வாழ்ந்ததா என்று மற்றவர் மடக்குவார். இரண்டும் கேட்கத் தகுந்த கேள்விகளே என்றாலும், ஒன்றைச் சொல்லி மற்றொன்றிலிருந்து தப்பித்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படித் தப்பிக்காமல் இரண்டையும் எடைபோட விரும்புவோருக்கு நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், விளையாட்டு என்ற ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடப்பவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் நாட்டுக் காளைப் போரில் காளை சாவதே ஆட்டத்தின் முடிவு. காலில் கத்தி கட்டி விடும் சேவல் சண்டையில் காயம்தான் ஆட்டமே. எருது விடும் விழாவிலோ, தடுப்பு கட்டிய தெருவில் குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடிகளில் கடக்கிறது என்பதற்கே பரிசு. கூட்டம் அடிப்பதும், வாலைப் பிடித்து முறுக்குவதும், எல்லையைத் தாண்டி மிரண்டோடும் மாடு கிணற்றிலோ சாலையிலோ போய் விழுவதும் அதில் உண்டு. ஆனால் போட்டியின் விதி அவற்றைக் கேட்பதில்லை.

சட்டத்தை முதல் வாதமாக வைக்காதீர்கள். ஜல்லிக்கட்டு உள்ளிட்ட இவ்வகைப் போட்டிகளை உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தடை செய்தது. 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் ஜல்லிக்கட்டோடு மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றையும் சேர்த்து அனுமதித்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. அடிப்படையான 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கிவிட்டு, அதே பிரிவில் காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் போன்றவற்றை விதிப்படி செய்தால் குற்றமில்லை என்று விலக்குகிறது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். எது அனுமதிக்கப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். எது கொடுமை என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, ஒரு தாளை எடுத்து அந்த விலங்கின் ஆயுள் முழுவதையும் எழுதுங்கள். இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. விழாக் காளையின் வரிசையில் பருத்திக்கொட்டையும் பயிற்சியும் உரிமையாளரின் செல்லமும் வரும். பிறகு அச்சமும் அடியும் நிறைந்த சில நிமிடங்கள் வரும். கறிக்கோழியின் வரிசை ஆறு வாரத்தோடு முடிந்துவிடும். தசை வளரும் வேகத்துக்குக் கால்கள் ஈடுகொடுக்காமல் நொண்டும் கோழிகள் அதற்குள் அடக்கம். கூண்டில் வளரும் முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளின் பரப்பைக்கூட எட்டுவதில்லை. அலகு நறுக்கப்பட்டு, சிறகை விரிக்க இடமின்றி அது ஓராண்டுக்கு மேல் நிற்கிறது. வெறும் கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடை செய்துவிட்டது. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் குஞ்சு பொரிப்பகத்தைத் தாண்டுவதே அரிது. (சைவம் என்பதால் இந்தத் தாள் எனக்கில்லை என்று நினைப்பவர்கள், பால்மாட்டின் காளைக்கன்று என்ன ஆகிறது என்று ஒரு வரி எழுதிப் பார்க்கலாம்.)

தாள் நிறைந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதிலிருந்து துன்பத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கத்தி கட்டிய சேவல் சண்டையில் ஒன்றும் மிஞ்சாது. துன்பமே அங்கு வேடிக்கை. எருது விடும் விழாவில் ஓட்டம் மிஞ்சும். பண்ணையில் முட்டையும் கறியும் மிஞ்சும், விலை மட்டும் ஏறும். என் தீர்ப்பில், சேவல் சண்டை தன்மையால் இழிந்தது. பண்ணைக் கொடுமை அளவால் கனத்தது. நீக்கக்கூடிய துன்பத்தைச் சில ரூபாய்க்காக நீக்காமல் வைத்திருக்கிறோம் என்பதால், யாரும் கைதட்டாத அந்தக் கொட்டகைக்கு நான் சலுகை தருவதில்லை.

எழுதியதைச் சரிபார்க்க நேரில் போய்ப் பாருங்கள். வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச்சந்தைக்கு விடியலிலேயே போனால், மடி பெருத்துத் தெரியட்டும் என்று கறக்காமல் ஓட்டிவந்த மாடு எப்படிக் காலை மாற்றி மாற்றி நிற்கும் என்பது தெரியும். பண்ணைக்குப் போனால் வளர்ப்பவரைக் குற்றவாளியாக்கிப் பேசாதீர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. கொட்டகையில் எத்தனை கோழி என்பதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை.

இறுதியாக, வாதத்துக்கு உட்காரும்போது தாள்களை மாற்றிக் கொடுங்கள். காளை வளர்ப்பவர் காளையின் துன்பத்தையும், பிரியாணி சாப்பிடுபவர் கோழியின் துன்பத்தையும் முதலில் எழுதட்டும். தன் பக்கத்தில் பத்து வரியாவது எழுதி முடிக்கும்வரை எதிராளியின் தாளைப் புரட்ட யாரையும் விடாதீர்கள்.