கார்ட்டூனில் முதலில் வாசகத்தை மறையுங்கள்

அரசியல் கார்ட்டூன் எது கையில் கிடைத்தாலும், அதன் வாசகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது என் வழக்கம். எழுத்தைப் படித்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும். படத்தில் யார் யார், யாரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார், யார் கையில் என்ன என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் விரலை எடுக்கலாம்.

பழகுவதற்கு ஆங்கிலக் கார்ட்டூனிஸ்ட் ஜேம்ஸ் கில்ரே 1805-இல் லண்டனில் வெளியிட்ட ஒரு படத்தைச் சொல்வேன். தேடினால் உடனே கிடைக்கும். சாப்பாட்டு மேசை, நடுத்தட்டில் ஆவி பறக்கும் புட்டிங்காக உலக உருண்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் பிட், நெடுநெடுவென்று ஒல்லியாக. எதிரே நெப்போலியன். ஆளுக்கொரு துண்டு வெட்டுகிறார்கள். 'உலகைப் பங்கு போடுகிறார்கள், சரி' என்று நகர்ந்துவிடாதீர்கள். பிட் வெட்டுவது கடல் பகுதியை. அவருடைய முள்கரண்டியே கடல் தெய்வத்தின் திரிசூலம் மாதிரி இருக்கும். நெப்போலியன் வாளால் அறுப்பது ஐரோப்பாவை. பிட் சாவகாசமாக வெட்ட, நெப்போலியனோ எட்டாமல் இருக்கையை விட்டு எழும்புகிறார். இத்தனைக்கும் நிஜ நெப்போலியன் அந்தக் காலத்துச் சராசரி உயரம்தான். குள்ளன் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் கில்ரேக்குப் பெரிய பங்குண்டு. எங்கே மிகைப்படுத்தல் தெரிகிறதோ, அங்கே வரைந்தவரின் சார்பும் தெரியும்.

அடுத்தது தேதி. பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வரைந்த கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோவின் ஒரு படத்தில் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைத் தூக்கிக் குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். வாயில் மட்டும் வசவு. நடுவே ஒரு பிணம். வெளியான நாள் 1939 செப்டம்பர் 20. அந்த மாதம் 1-ஆம் தேதி ஜெர்மனியும் 17-ஆம் தேதி சோவியத் யூனியனும் போலந்துக்குள் நுழைந்தன என்று தெரியாதவருக்கு அந்தப் பிணம் வெறும் பிணம்தான்.

பெட்டி, மூட்டை, குடை என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் படிக்கச் சுலபம். ஆனால் வரைந்தவருக்குத் தன் கோட்டின்மேல் நம்பிக்கை இல்லை என்பது என் கட்சி.

கடைசியாக, 'இவர் சொல்வது என்னவென்றால்' என்று தொடங்கி ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதற்கு எதிராளி என்ன பதில் சொல்வார் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் படம் இன்னும் பிடிபடவில்லை. கில்ரேயின் படத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணால் பார்த்தால், பிட் வெட்டும் துண்டுதான் பெரிது என்பது உறைக்கும்.