ஓ.எல். முடிந்ததும் தொழிற்பயிற்சி: பணம் கட்ட முன் பார்க்க வேண்டியவை

ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் கணிதம் போனால் படிப்பே முடிந்தது என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொழிற்பயிற்சிக்குக் கிடைக்கும் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். அதே துறையில் நாலாம் மட்டம் முடித்தவர் ஏ.எல். (உயர் தரம்) இல்லாமலே டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

முதலில் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மட்டக்களப்பு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களிலும் அந்த ஆண்டு என்ன பாடநெறி, எந்த மொழியில், எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். பல பாடநெறிகள் தை மாதத்தில் தொடங்கும். விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிடும்.

தனியார் நிலையத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு என்று பலகையில் இருக்கும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நிறுவனப் பதிவு வேறு, பாடநெறிக்கான தர அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் இல்லாத பாடநெறியை முடித்தால் கிடைப்பது அந்த நிலையத்தின் சான்றிதழ் மட்டும், என்.வி.கியூ. அல்ல. பாடநெறியின் பெயர், மட்டம், அங்கீகாரம் முடியும் திகதி மூன்றையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்றால் வந்த பிறகு சேரலாம்.

ஏ.எல். சித்தியடைந்தவர்களுக்கு உயர் தேசிய டிப்ளோமா வேறு வழி. ஆரையம்பதி கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் உண்டு, அம்பாறையில் ஹார்டி நிறுவகம். படிப்பு ஆங்கிலத்தில், அதற்குத் தயாராகவே போக வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம் ஆரையம்பதியைக் கிட்டவாக்கிவிட்டது. ஆனாலும் பின்னேர பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டே சேருங்கள். இடைவிலகுவதற்குப் பாடத்தைவிடப் போக்குவரத்துத்தான் காரணமாகிறது.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம் இவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாகவும் மற்றதில் முதலெழுத்தாகவும் இருந்தால் சான்றிதழ் அச்சிடும்போது சிக்கும். முன்கூட்டியே திருத்துங்கள்.

ஏற்கெனவே மேசன், வயரிங், உழவு மெசின் திருத்தும் வேலை செய்பவர் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. வேலையிலேயே கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முன்கற்றல் அங்கீகாரத்தின் மூலம் மதிப்பீட்டுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். மேசன் என்றால் அத்திவாரம், கட்டு, பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்யும் ஆளும் படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். வெறும் சுவரின் படத்தில் கட்டியது யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. வேலை கொடுத்தவரின் கடிதத்தில் திகதி, இடம், செய்த வேலை மூன்றும் வேண்டும். மதிப்பீடு அலகு அலகாக நடக்கும். ஓர் அலகில் தேறாவிட்டால் அதை மட்டும் திரும்பச் செய்ய எப்படி விண்ணப்பிப்பது என்று அன்றே கேட்டுக்கொண்டு வாருங்கள்.