வீட்டில் ஒருவருக்குக் கொரோனா: மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பது எப்படி?

2020-ல் கொரோனா வந்த புதிதில் பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள் குறைவு. இந்த வைரஸ் முக்கியமாகப் பரவுவது காற்றில். அதனால் காற்றிலிருந்தே தொடங்குவோம்.

1. எப்படிப் பரவுகிறது?

தொற்று உள்ளவர் இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வைரஸ் கலந்த நுண்துளிகள் வெளிவரும். பெரியவை கீழே விழுந்துவிடும். சிறியவை மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், காற்றோட்டம் சரியில்லாத ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று வந்தது. ஏசி காற்று சுற்றிச்சுற்றி வந்தது அந்த மேசைகளில்தான். அங்கே வேலை பார்த்தவர்கள் யாருக்கும் வரவில்லை.

இன்னொன்று, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்பக்கூடும். ஆகவே "அவருக்குத்தான் இருமலே இல்லையே" என்று நம்ப முடியாது.

2. அறையைத் தயார் செய்யுங்கள்

நோயாளிக்கு ஜன்னல் உள்ள தனி அறை கொடுங்கள். ஜன்னலை முழுதாகத் திறந்து, டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். கதவைச் சாத்திவிடுங்கள். நோயாளி உள்ளே போகும் முன் கதவிடுக்கில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் சரி. கூடத்துப் பக்கம் வந்தால் ஃபேனை ஜன்னலை ஒட்டி நகர்த்துங்கள். வீட்டு ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்விக்கிறது. அதை நம்பி ஜன்னலை மூடாதீர்கள்.

தனி அறைக்கு வழியில்லையா? எல்லா ஜன்னலும் திறந்திருக்கட்டும், எல்லோரும் மாஸ்க் போடுங்கள்.

3. மாஸ்க்கைச் சரியாகப் போடுங்கள்

துணி மாஸ்க்கைவிட என்95 பல மடங்கு மேல். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து இடைவெளி விழும். அப்புறம் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் காற்றுப் பட்டாலோ, மூக்குக்கண்ணாடி பனித்தாலோ, கசிகிறது என்று அர்த்தம். தாடி இருந்தாலும் கசியும்.

4. கை

20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காய்கறிக்கு சோப்பு வேண்டாம்.

5. எப்போது வெளியே வரலாம்?

காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், மற்ற தொந்தரவுகளும் குறைந்திருக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் இன்னும் ஐந்து நாள் மாஸ்க் போடட்டும். வீட்டில் வயதானவர்களோ சர்க்கரை நோயாளிகளோ இருந்தால் கூடுதலாகவே பொறுத்திருங்கள். இதற்கிடையே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டியிலும் கண்ணாடியை இறக்கியே வையுங்கள்.